வோல்க்ஸ்வாகன் ஐ.டி. பஸ்

வோல்க்ஸ்வாகன் ஐ.டி. பஸ் என்பது ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் நிறுவனம் ஹனோவர் நகரில் தயாரிக்கும் மின்சார மினிவேன் ஆகும். இதன் மாதிரி வடிவம் 2017 சனவரியில் டெட்ராய்ட் தானுந்துக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. விற்பனைக்குரிய வடிவம் 2022 மார்ச்சில் வெளியிடப்பட்டது. 1950 முதல் தயாரிக்கப்பட்டு, ஜெர்மானியரால் "புல்லி" என்று செல்லமாக அழைக்கப்பட்ட டைப் 2 வேனின் தோற்றத்தை இது பின்பற்றுகிறது. பெயரில் உள்ள "பஸ்" பேருந்தைக் குறிப்பதன்று. தேனீயின் ரீங்காரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும்.

இக்கட்டுரை ஐ.டி. பஸ்ஸை அதன் போட்டி வண்டிகளுடன் ஒப்பிடுகிறது. இவ்வகை வண்டிகளில் அறிவிக்கப்படும் பயணத் தூரம் மட்டும் ஒப்பீட்டுக்குப் போதுமானதன்று. அடிப்படைக் கட்டமைப்பு, இருக்கைகளின் எண்ணிக்கை, மின்னேற்ற வேகம், தூரத்தை அளந்த சோதனை முறை ஆகியவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

கட்டமைப்பு

மின்சார மினிவேன்கள் இருவகைப்படும். முதல் வகை, டீசல் வேனாக வடிவமைக்கப்பட்டுப் பின்னர் மின்சாரத்துக்கு மாற்றப்பட்டவை. மெர்சிடிசு பென்சின் இ.க்யூ.வி., பியூஜியோவின் ஈ-டிராவலர் ஆகியவை இவ்வகையின. சிட்ரோயன் ஈ-ஸ்பேஸ்டூரர் என்பது ஈ-டிராவலரின் உடன்பிறப்பு வண்டியே. இவற்றில் மின்னோடி முன் சக்கரங்களை இயக்குகிறது.

இரண்டாம் வகை, தொடக்கத்திலிருந்தே மின்சாரத்துக்கென வடிவமைக்கப்பட்டவை. ஐ.டி. பஸ்ஸும் தென் கொரியாவின் கியா பிவி5 வண்டியும் இவ்வகையின. ஐ.டி. பஸ், ஐ.டி.3, ஐ.டி.4 மகிழுந்துகளுடன் ஒரே அடித்தளத்தைப் பகிர்ந்துகொள்கிறது. மின்கலம் தரைக்கு அடியிலும் மின்னோடி பின் சக்கரங்களுக்கு இடையிலும் அமைவதால் வண்டியின் முன்பகுதி குறுகியதாக உள்ளது. 4.71 மீட்டர் நீளமுள்ள குறு வடிவம் சுமார் 11 மீட்டர் விட்டத்தில் திரும்பக்கூடியது. ஐந்து இருக்கைகளுக்குப் பின்னால் 1,121 லிட்டர் கொள்ளும் சரக்கிடமும் இதில் உண்டு.

ஐரோப்பியச் சந்தையில் போட்டி

அறிமுகமான காலத்தில் நிறுவனங்கள் அறிவித்த அளவுகள் கீழே தரப்படுகின்றன. தூரம் ஐரோப்பியச் சோதனை முறையான டபிள்யூ.எல்.டி.பி.யின்படி அளக்கப்பட்டது. அளவுகள் வண்டியின் வகைக்கும் ஆண்டுக்கும் ஏற்ப மாறுபடும்.

| வண்டி | ஆண்டு | மின்கலம் (கிலோவாட் மணி) | தூரம் (கி.மீ.) | இருக்கைகள் |
|---|---|---|---|---|
| ஐ.டி. பஸ் (குறு வடிவம்) | 2022 | 77 | சுமார் 420 வரை | 5 |
| இ.க்யூ.வி. 300 | 2019 | 90 | சுமார் 360 வரை | 8 வரை |
| ஈ-டிராவலர் | 2020 | 75 | சுமார் 330 வரை | 9 வரை |
| கியா பிவி5 | 2025 | 71.2 | சுமார் 410 வரை | 5 |

90 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட இ.க்யூ.வி., 77 கிலோவாட் மணி கொண்ட ஐ.டி. பஸ்ஸைவிடக் குறைந்த தூரமே செல்கிறது. இ.க்யூ.வி. 5 மீட்டருக்கும் அதிக நீளமுள்ள பெரிய வண்டி என்பதும், ஐ.டி. பஸ்ஸின் காற்றுத்தடைக் கெழு 0.285 என்ற குறைந்த அளவில் இருப்பதும் இதற்குக் காரணங்களாகும். நேர்மின்னோட்ட மின்னேற்றத்தில் ஐ.டி. பஸ் 170 கிலோவாட் வரையும், இ.க்யூ.வி. 110 கிலோவாட் வரையும், ஈ-டிராவலர் 100 கிலோவாட் வரையும் ஏற்கின்றன. ஆனால் எட்டு அல்லது ஒன்பது பேரை ஏற்றிச் செல்ல வேண்டிய விடுதிகளுக்கும் வாடகை வண்டி நிறுவனங்களுக்கும் ஐந்து இருக்கை வண்டி பயன்படாது.

இக்குறையைப் போக்க 2023 சூன் மாதத்தில் ஐ.டி. பஸ்ஸின் நீள வடிவம் வெளியிடப்பட்டது. இதன் நீளம் 4.96 மீட்டர், இதில் ஏழு பேர் அமரலாம். மூன்று வரிசைகளிலும் ஆட்கள் அமர்ந்தால் பின்னால் 306 லிட்டர் சரக்கிடமே எஞ்சும்.

தூர அளவீட்டில் உள்ள வேறுபாடு

நீள வடிவத்தின் மின்கலம் 86 கிலோவாட் மணி கொண்டது. எனினும் ஐக்கிய அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இதற்கு அளித்த தூரம் 234 மைல், அதாவது சுமார் 377 கி.மீ. மட்டுமே. சிறிய மின்கலம் கொண்ட குறு வடிவத்துக்கு ஐரோப்பாவில் தரப்பட்ட அளவைவிட இது குறைவு. நீள வடிவம் எடை மிகுந்தது என்பதோடு, அமெரிக்கச் சோதனை முறை கடுமையானது என்பதும் இதற்குக் காரணம். எனவே ஒரு கண்டத்தின் அளவை மற்றொரு கண்டத்தின் அளவோடு நேரடியாக ஒப்பிடுவது தவறான முடிவுக்கு இட்டுச்செல்லும். எந்தச் சோதனையின் அளவாயினும், கடுங்குளிரிலும் விரைவுச்சாலை வேகத்திலும் உண்மையான தூரம் அதைவிடக் குறையும்.

ஐக்கிய அமெரிக்காவில்

2024 இறுதியில் ஐ.டி. பஸ் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அங்கு இதற்குப் போட்டியாக இருந்தவை பெரும்பாலும் பெட்ரோலும் மின்சாரமும் கலந்து இயங்கும் ஹைபிரிட் வண்டிகளே. 2017 மாதிரி ஆண்டில் அறிமுகமான கிரைசுலர் பசிபிகா ஹைபிரிட், 16 கிலோவாட் மணி மின்கலத்தால் சுமார் 50 கி.மீ. மின்சாரத்தில் மட்டும் சென்று, பின்னர் பெட்ரோலுக்கு மாறுவது. 2021 மாதிரி ஆண்டு முதல் ஹைபிரிட்டாக மட்டுமே விற்கப்படும் டொயோட்டா சியன்னா, லிட்டருக்குச் சுமார் 15 கி.மீ. செல்வது, இதற்கு வெளி மின்னேற்றம் தேவையில்லை.

விலையே பெரிய இடைவெளியாக அமைந்தது. ஐ.டி. பஸ்ஸின் தொடக்க விலை ஏறத்தாழ 60,000 டாலர். 2025 மாதிரி சியன்னாவின் தொடக்க விலை, அனுப்பு கட்டணம் நீங்கலாக, 40,000 டாலருக்கும் குறைவு. 2025இல் இறக்குமதித் தானுந்துகள் மீது விதிக்கப்பட்ட கூடுதல் சுங்க வரி, ஜெர்மனியில் இருந்து வரும் ஐ.டி. பஸ்ஸை மேலும் பாதித்தது. அதே ஆண்டில், இரண்டு இருக்கைப் பட்டைகள் மட்டும் உள்ள மூன்றாம் வரிசை இருக்கை மூவர் அமரும் அளவுக்கு அகலமாக இருந்தது பாதுகாப்பு விதிக்கு முரணானது எனக் கண்டறியப்பட்டு, வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன. 2026 மாதிரி ஆண்டில் அமெரிக்காவில் ஐ.டி. பஸ் விற்கப்படாது என்று 2025 இறுதியில் நிறுவனம் அறிவித்தது.

மதிப்பீடு

நகரப் பயணத்துக்கும், வீட்டிலேயே மின்னேற்றும் வசதி உள்ள குடும்பத்துக்கும் ஐ.டி. பஸ் ஏற்றது. ஆட்கள் அதிகம் எனில் இ.க்யூ.வி.யும் ஈ-டிராவலரும் பொருந்தும். இடையில் நிறுத்தி மின்னேற்ற இயலாத நெடும்பயணங்களில் ஹைபிரிட் வண்டிகளே வசதியானவை. ஆனால் அவை பெட்ரோலைச் சார்ந்திருத்தலை முற்றிலும் நீக்குவதில்லை.