பன்றியின் தசையில் ஓர் ஆசிய வரலாறு

கெப்பாலா பத்தாஸ் பக்கத்தில், கம்போங் செலாமாட் வட்டாரப் பன்றிப் பண்ணைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நம் நாட்டு வணிகப் பண்ணைகளில் பெரும்பாலும் வளர்வது லேண்ட்ரேஸ், லார்ஜ் ஒயிட், டுரோக் ஆகியவற்றின் கலப்பு. "எல்லாம் வெள்ளைக்காரன் ரகம்"னு சொல்லிவிடுகிறோம். அது பாதி உண்மைதான்.

18-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துப் பன்றி நீண்ட கால்களும் மெலிந்த உடலுமாக மெதுவாக வளர்ந்தது. சீனப் பன்றியோ சீக்கிரம் முதிர்ந்து கொழுக்கும். வணிகக் கப்பல்களில் போன சீனப் பன்றிகளை அங்குள்ள பன்றிகளோடு கலந்தார்கள். ஆங்கில ரகங்கள் பல அப்படி உருவானவைதான். டார்வினும் 1868-இல் இதை எழுதியிருக்கிறார்.

அதுவரை எல்லாம் கண்மதிப்பு. அதை எண்ணாக மாற்றியது டென்மார்க். 1907 முதல் அங்கே சோதனை நிலையங்கள். ஓர் ஈற்றிலிருந்து நான்கு குட்டிகளை அனுப்ப வேண்டும். எல்லாக் குட்டிகளுக்கும் ஒரே மாதிரித் தீனி, ஒரே கவனிப்பு. ஏன் தெரியுமா? ஒரு குட்டி வேகமாக வளர்ந்தால் அது தீனியாலா, பிறப்பாலா என்று பிரித்துப் பார்க்கத்தான். குட்டிகளின் எடையை வைத்துத் தாய் தந்தையை மதிப்பிட்டார்கள். வளர்ச்சி வேகத்தில் காணும் வேறுபாட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மரபால் வருவது என்பது இன்றைய பொதுவான மதிப்பீடு. தேர்வு செய்தால் பலன் கிடைக்க அதுவே தாராளம்.

மரபணு 2003-இல்தான் பிடிபட்டது. ஐஜிஎஃப்2 மரபணுவில் ஒரே ஓர் எழுத்து, ஜி இருந்த இடத்தில் ஏ. அதனால் தசையில் அந்த மரபணு மூன்று மடங்கு வேலை செய்கிறது. இறைச்சி 3 முதல் 4 விழுக்காடு கூடுகிறது, கொழுப்பு குறைகிறது.

மாணவர்களே, இங்கே கவனிங்க: இந்த மரபணுவில் தந்தை தந்த பிரதி மட்டுமே செயல்படும். தாயிடமிருந்து வந்தால் குட்டியில் பலன் தெரியாது. ஆனால் அந்தக் குட்டி ஆணாக இருந்து, அதையே தன் குட்டிக்குக் கடத்தினால் அங்கே வெளிப்படும். ஓங்கு, ஒடுங்கு என்று மட்டும் எழுதினால் இதற்கு விடை வராது.

இன்னொன்று. அந்த எழுத்தைச் சுற்றியுள்ள டிஎன்ஏ வரிசை ஐரோப்பியக் காட்டுப்பன்றியைவிடச் சீனாவின் மெய்ஷான் பன்றியோடுதான் நெருக்கமாக ஒத்திருந்தது. கப்பலில் போனதன் தடம், "வெள்ளைக்காரன் ரகம்" என்ற பெயரில் ஆசியாவுக்கே திரும்பி வந்திருக்கிறது.