வீகன் கேக்கில் சர்க்கரை குறைவா? ஆலுவா பலாக்காய் மாவு சொல்லும் கணக்கு

"வீகன் கேக்தானே, இன்னொரு பீஸ் எடுத்துக்கோ." ஆபீஸ் பிறந்தநாள் கொண்டாட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. முட்டை, பால், வெண்ணெய் இல்லை என்பது சரி. அதனால் சர்க்கரையும் குறைந்துவிடுமா? குறையாது. இரண்டும் வேறு வேறு கணக்கு.

இது ஏன் முக்கியம்?

2023இல் வெளியான ஐசிஎம்ஆர்-இண்டியாப் ஆய்வின்படி, இந்தியாவில் சுமார் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு இருக்கிறது. 20 வயதுக்கு மேற்பட்டோரில் தமிழ்நாட்டில் 14.4%, கேரளத்தில் 25.5%. அதாவது, கேரளத்தில் நான்கில் ஒருவர்.

ஆலுவாவில் என்ன நடந்தது?

கொச்சியை அடுத்த ஆலுவாவைச் சேர்ந்த ஜேம்ஸ் ஜோசப், மைக்ரோசாஃப்ட் வேலையை விட்டுவிட்டு 'ஜாக்ஃப்ரூட்365' நிறுவனத்தைத் தொடங்கினார். பழுக்காத பலாவைக் காயவைத்து அரைத்த மாவுதான் அதன் முக்கியத் தயாரிப்பு. பலாப்பழத்தில் 100 கிராமுக்குச் சுமார் 19 கிராம் சர்க்கரை உண்டு. காயில் அந்த இனிப்பு இல்லை.

ஆந்திராவின் ஸ்ரீகாகுளத்தில் இதைச் சோதித்தார்கள். நீரிழிவு உள்ள 40 பேரில் பாதிப் பேர், 12 வாரங்களுக்குத் தினமும் 30 கிராம் அரிசி அல்லது கோதுமை மாவுக்குப் பதில் பலாக்காய் மாவு சாப்பிட்டார்கள். மூன்று மாத சராசரி ரத்தச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, அவர்களுக்குச் சராசரியாக 0.25 புள்ளி குறைந்தது. முடிவு 2021இல் ஓர் ஆய்விதழில் வெளியானது.

இரண்டு விஷயங்களை மறக்கக் கூடாது. ஆய்வு சிறியது; கட்டுரை ஆசிரியர்களில் ஜேம்ஸ் ஜோசப்பும் ஒருவர். மேலும், சோதித்தது சாப்பாட்டில்தான், கேக்கில் அல்ல.

அப்போ கேக்கில் என்ன மாற்றலாம்?

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் சிறந்த அளவு, ஒரு நாளைக்குச் சுமார் 25 கிராம் சேர்க்கப்பட்ட சர்க்கரை. 200 கிராம் மைதா, 150 கிராம் சர்க்கரை போட்டுச் செய்த வீகன் கேக்கைப் பத்துத் துண்டாக வெட்டினால், ஒரு துண்டிலேயே 15 கிராம் போய்விடும்.

• வெல்லத்துக்கு மாறினால்? வெல்லத்திலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 85 கிராம் சர்க்கரைதான். ஒரு துண்டுக்கு 13 கிராம். பெரிய வித்தியாசம் இல்லை.

• சர்க்கரையை 90 கிராமாகக் குறைத்தால்? ஒரு துண்டுக்கு 9 கிராம். ஆனால் கேக்குக்கு மென்மை, ஈரம், நிறம் தருவதும் சர்க்கரைதான். ஈடுகட்ட, கனிந்த வாழைப்பழம் ஒன்றை மசித்துச் சேர்க்கலாம். அதன் சர்க்கரை துண்டுக்கு ஒன்றரை கிராம் கூடும்.

• மைதாவில் 40 கிராமை எடுத்துவிட்டுப் பலாக்காய் மாவு சேர்க்கலாம். முழுவதையும் மாற்றினால், குளூட்டன் இல்லாததால் கேக் உதிர்ந்துவிடும்.

• ஒரு முட்டைக்குப் பதில், 1 மேசைக்கரண்டி ஆளி விதைப் பொடியை 3 மேசைக்கரண்டி தண்ணீரில் ஊறவைத்துச் சேர்க்கலாம்.

கடையில் வாங்கினால்?

பாக்கெட்டில் வீகன் முத்திரையோடு நிறுத்தாமல், பின்பக்கம் 'சேர்க்கப்பட்ட சர்க்கரை' அளவைப் பாருங்கள். எஃப்எஸ்எஸ்ஏஐ விதிப்படி, 100 கிராமுக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும் திட உணவை 'லோ சுகர்' என்று விற்க முடியாது. மேலே சொன்ன நம்ம வீட்டு கேக்கும் அந்தப் பட்டியலில் வராது. அதனால், ஒரு துண்டோடு நிறுத்துவது நல்லது. நீரிழிவு மாத்திரை எடுப்பவர்கள் தினசரி மாவை மாற்றும் முன் டாக்டரிடம் கேட்டுவிடுங்கள்.