மொன்சூன்

மொன்சூன் என்பது ஆண்டின் ஒரு பகுதியில் ஒரு திசையிலிருந்தும் மற்றொரு பகுதியில் ஏறத்தாழ அதன் எதிர்த்திசையிலிருந்தும் வீசும் பெருங்காற்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். இலங்கைத் தமிழில் இது பருவக்காற்று என்றும் பருவப்பெயர்ச்சிக் காற்று என்றும் வழங்கும். இன்று இச்சொல்லைக் கேட்டதும் மழையே நினைவுக்கு வந்தாலும், அதன் மூலப்பொருளில் மழை இல்லை. அடையாளமிடுதலைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த 'மவ்சிம்' என்னும் அரபுச் சொல், சந்தை கூடவோ யாத்திரை போகவோ கப்பல் ஏறவோ உரிய காலத்தைச் சுட்டியது. பாய்க்கப்பல்களின் பயணநாளைக் காற்றே தீர்மானித்தமையால் அது கடலோடிகளின் கலைச்சொல்லாயிற்று. போர்த்துக்கேயர் அதைத் தம் நாவுக்கேற்ப 'மொன்சாவோ' எனத் திரிக்க, அவர்கள் வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் அது ஆங்கிலத்தை அடைந்தது. அதே அரபுச் சொல் உருதுவிலும் இந்தியிலும் 'மௌசம்' என வானிலையையும், மலாயில் 'மூசிம்' எனப் பருவத்தையும் குறிக்கிறது.

காற்று வேறு, மழை வேறு என்னும் இவ்வேறுபாட்டுக்கு நுவரெலியா மாவட்டத்தின் வலப்பனைப் பகுதி தக்க சான்றாகும். மே முதல் செப்டெம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று மத்திய மலைநாட்டின் மேற்குச் சரிவில் மோதி மேலெழுந்து குளிர்வதால், அட்டனை அடுத்த வட்டவளையில் அடைமழை பொழிகிறது. ஈரத்தை அங்கே இழந்த காற்று மலைமுகட்டைத் தாண்டிக் கீழிறங்கும்போது அமுக்கமுற்று வெப்பமடைவதால், கிழக்குச் சரிவிலுள்ள வலப்பனை மழைமறைவுப் பகுதியாகிறது; அதாவது மலை மறைப்பதால் மழை குன்றிய நிலமாகிறது. தாழ்நிலத்தை எட்டும் இவ்வறள்காற்றையே மட்டக்களப்பார் கச்சான் என்பர். ஆகவே வட்டவளையில் கொழுந்து பறிப்போரை நனைக்கும் அதே காற்று வலப்பனைத் தோட்டங்களை உலர்த்துகிறது. வறட்சியில் தளிர் மெல்ல வளர்ந்து மணம் கூடுவதால், இப்பகுதியின் உடப்புசல்லாவைத் தேயிலைக்கு இக்காலத்தில் சிறப்பு மதிப்புண்டு.

டிசம்பர் முதல் பெப்ரவரி வரை வீசும் வடகீழ்ப் பருவக்காற்றில் நிலைமை தலைகீழாகிறது. வங்காள விரிகுடாவின் ஈரத்தை அது கிழக்குச் சரிவிலேயே இறக்குவதால், மேற்குத் தோட்டங்கள் உலரும் மாதங்களே வலப்பனையின் மழைக்காலமாகின்றன. 2007 ஜனவரியில் வலப்பனை, ஹங்குராங்கெத்தைப் பகுதிகளில் உயிர்களைப் பலிகொண்ட மண்சரிவுகள் இப்பருவத்திலேயே நிகழ்ந்தன.