பண்டார: அரண்மனையிலிருந்து வகுப்பு இடாப்பு வரை

கண்டியில் வைத்தியசாலைகளில் கடமையாற்றும் நம்மவர் எல்லாருக்கும் இது தெரியும். கிளினிக்கில் 'பண்டார' என்று கூப்பிட்டால் மூன்று பேர் எழுந்து வருவார்கள். முதலெழுத்துகளையும் ஊரையும் கேட்ட பின்னரே மருந்துச் சிட்டையைக் கொடுப்போம். அந்த முதலெழுத்துகளிலும் ஒரு பட்டம் ஒளிந்திருக்கும். எச்.எம். என்பது பெரும்பாலும் ஹேரத் முதியான்சேலாகே. 'முதியான்சே' அரசன் வழங்கிய பட்டம்.

'பண்டார' அதனினும் உயர்ந்தது. கோட்டை, கண்டி இராச்சியங்களில் அரசகுமாரருக்கு உரியதாயிருந்த சொல் அது. 16ஆம் நூற்றாண்டில் கண்டியை ஆண்ட கரலியத்தே பண்டாரவை நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கிறோம். அவனுக்குப் பின் வந்த கோனப்பு பண்டார அரசனின் மகனல்லன், பேராதனைப் பிரதானி ஒருவரின் மகன். ஆகவே பட்டம் அப்போதே அரண்மனை மதிலைத் தாண்டிவிட்டது எனலாம். அரியணை ஏறியதும் அவன் விமலதர்மசூரியன் ஆனான். 1594இல் தந்துரேயில் போர்த்துக்கேயரை முறியடித்தான்.

1815இல் கண்டி ஆங்கிலேயர் கைக்குப் போனது. அதன் பின் பட்டம் கொடுக்கவும் அரசன் இல்லை, 'உனக்கு ஆகாது' என்று மறுக்கவும் அரசன் இல்லை. பிரதானிகளின் வீட்டுப் பெயரைக் கமக்காரரும் தம் பிள்ளைகளுக்கு வைத்தனர். டிக்கிரி பண்டா, புஞ்சி பண்டா என்று அது சுருங்கியும் வழங்கியது. டி.பி., பி.பி. என்ற எழுத்துகளுடன் எத்தனை கடைப் பலகைகளைப் பார்த்திருப்போம்! பெண்களுக்கு 'மெனிக்கே', அதாவது மாணிக்கம். உயர்குடிப் பெண்களின் அந்தப் பெயர் இன்று ரயில்களுக்கு. விடுமுறைக்குப் 'பொடி மெனிக்கே'யில் ஊருக்குப் போன விடுதித் தோழியர் பலர்.

அந்த ரயில் போகும் வழியில்தான் பண்டாரவளையும் இருக்கிறது. சிங்களத்தில் அது பண்டாரவெல. 'வெல' என்றால் வயல். நம் நாவில் வயல் வளையாகிவிட்டது.

தமிழிலும் இச்சொல் சும்மா இருக்கவில்லை. கருவூலத்துக்குப் பண்டாரம் என்று பெயர். கோயிலில் பூமாலை கட்டுபவரும் பண்டாரமே. 1591இல் போர்த்துக்கேயரால் கொல்லப்பட்ட யாழ்ப்பாண மன்னன் புவிராஜ பண்டாரம். 1803இல் முல்லைத்தீவில் ஆங்கிலேயரை எதிர்த்தவன் பண்டாரவன்னியன். கோனப்பு பண்டாரவுக்கும் புவிராஜ பண்டாரத்துக்கும் காலமும் ஒன்று, எதிரியும் ஒன்று. ஆனால் பாடப்புத்தகத்தில் இருவரையும் வெவ்வேறு அத்தியாயங்களிலேயே சந்தித்தோம்.

தொண்ணூறுகளில் படித்தவர்களுக்குச் சோதனைச் சாவடிகள் மறந்திராது. பஸ்ஸை நிறுத்தி அடையாள அட்டையில் பெயரை வாசிப்பார்கள். 'பண்டார' என்றால் இருக்கையை விட்டு எழும்பத் தேவையில்லை. நம் பெயர்கள் என்றால் இறங்கி வரிசையில் நிற்க வேண்டும். புவிராஜ பண்டாரம் அந்த பஸ்ஸில் வந்திருந்தால் அவரை எந்தப் பக்கம் நிற்கச் சொல்லியிருப்பார்களோ!