ஜமா

சித்திரையில் வட ஆற்காட்டின் அணைக்கட்டுப் பக்கம் பொழுது சாய்ந்த பிறகுதான் வெளியே உட்கார முடியும். ஷூ கம்பெனி வேன் வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகும். டீக்கடை ஓரம் இரண்டு பேர் நிற்பார்கள். கொஞ்ச நேரத்தில் எட்டுப் பேர் ஆகிவிடுவார்கள். யாரோ நுங்கு வாங்கி வந்திருப்பார். வெயில் தணிந்த காற்று, முடிவில்லாத பேச்சு. வழியே போகிறவர் கேட்பார்: "இன்னாப்பா, ஜமா சேர்ந்துடுச்சா?"

ஜமாவின் வேர் அரபு. ஜ-ம-அ என்ற மூன்றெழுத்து வேருக்குச் சேர்த்தல், கூட்டுதல் என்று பொருள். வெள்ளிக்கிழமைத் தொழுகையான ஜும்ஆவும் பள்ளிவாசல் ஜமாஅத்தும் அதே வேரில் பிறந்தவை. பாரசீக வரிக்கணக்கில் ஜமா என்றால் விதித்த நிலவரி. பசலி ஆண்டு ஜூன் 30-ல் முடிவதை ஒட்டித் தாலுகா அலுவலகங்களில் இன்றும் நடக்கிற ஜமாபந்தி அந்தக் கணக்கின் வழிவந்தது.

வட ஆற்காட்டு மக்கள் இந்தச் சொல்லைக் கணக்கரிடமே விட்டுவிடவில்லை. தெருக்கூத்துக் குழுவுக்கு இங்கே ஜமா என்றுதான் பெயர். திரௌபதி அம்மன் கோயில் பாரத விழாவை இந்தப் பக்கம் அக்னி வசந்த விழா என்பார்கள். பகலில் பாரதப் பிரசங்கம், இரவெல்லாம் கூத்து, கடைசியில் துரியோதனன் படுகளமும் தீமிதியும். எங்கள் வசந்தத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. அது பூவோடு வருவதில்லை, அனலோடு வருகிறது. பாய் கொண்டுவந்து விடியும்வரை கூத்துப் பார்க்கிற நண்பர் கூட்டமும் ஜமாதான்.

என்னை வியக்க வைப்பது வேறொன்று. பழந்தமிழில் ஆயம் என்றால் தோழியர் கூட்டம். சேர்ந்து விளையாடப் போகிறவர்கள். அதே ஆயம் வருவாயையும் வரியையும் குறிக்கும். ஆயத்தீர்வை இன்றும் வழக்கில் இருக்கிறது. நட்பையும் வரவையும் ஒரே ஒலியில் சொல்லிப் பழகிய மொழிக்கு ஜமா எப்படி அந்நியமாகும்?

அணைக்கட்டு என்ற நம் சொல்லை ஆங்கிலம் வாங்கி 'அனிகட்' என்று தன் அகராதியில் வைத்துக்கொண்டது. நாமும் அந்தப் பெருந்தன்மையோடு இருக்கலாம். கதையோ கடிதமோ எழுதும்போது இந்தச் சாயங்காலக் கூட்டத்தை 'நண்பர் குழு' என்று திருத்தாதீர்கள். ஜமா என்றே எழுதுங்கள்.