கோலாப்பூரி செருப்பு: சட்டம் எதைக் காக்கிறது?

2025 ஜூன் மாதம் மிலான் நகரில் நடந்த ஆடவர் ஆடை அணிவகுப்பில் இத்தாலிய நிறுவனமான பிராடா காட்டிய தோல் செருப்பு, பார்த்த மாத்திரத்தில் கோலாப்பூரி என்று சொல்லிவிடக்கூடியது. அதன் மூலம் எது என்று நிறுவனம் அப்போது குறிப்பிடவில்லை. எதிர்ப்பு எழுந்த பின்னரே, இந்தியக் கைவினையிலிருந்து அவ்வடிவம் பெறப்பட்டதென ஒப்புக்கொண்டது. அந்நாட்களில் ‘இந்தியப் பாரம்பரியம்’, ‘மராட்டியப் பெருமை’ என்ற சொற்கள் தாராளமாகப் புழங்கின. செய்பவரின் சாதி மட்டும் அரிதாகவே பேசப்பட்டது.

சாதியை விலக்கிவிட்டு இச்செருப்பின் வரலாற்றைச் சொல்ல இயலாது. மகாராட்டிரத்தில் தோல் பதனிடுவோர் டோர் சமூகத்தினர். தைப்போர் சாம்பார் சமூகத்தினர். கர்நாடகத்தின் அதணி வட்டாரத்தில் சமகாரர்கள். அனைவரும் பட்டியல் சாதியினர். பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கல்யாண நகரில் பசவண்ணருக்குச் செருப்புத் தைத்த ஹரளய்யாவின் மகனுக்கும் பார்ப்பனரான மதுவரசரின் மகளுக்கும் திருமணம் நடந்ததற்காக, இரு தந்தையரும் கொல்லப்பட்டதாகச் சரண மரபு கூறுகிறது.

தொழில் கடினமானது. எருமைத் தோலைச் சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்குவர். பின்னர் அதைப் பைபோலத் தைத்துத் தொங்கவிட்டு, கருவேலம் பட்டையும் கடுக்காயும் ஊறிய நீரை உள்ளே நிரப்புவர். அந்நீர் மெல்லக் கசிந்து இறங்கும்போது தோல் பதமாகிறது. செருப்பில் ஆணி கிடையாது. தோல் இழையாலேயே தையல். அடித்தோல் வேலையைப் பெரும்பாலும் ஆண்களும், மேல்வாரின் பின்னலையும் அலங்காரத்தையும் பெண்களும் செய்கின்றனர். வீட்டுத் திண்ணையில் நடக்கும் அப்பெண்களின் உழைப்பு, கூலிக் கணக்கில் தனியே வருவது அரிது.

2019ஆம் ஆண்டு இச்செருப்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பதிவு நடந்த இடம் சென்னை கிண்டியிலுள்ள புவிசார் குறியீட்டுப் பதிவகம். கோலாப்பூர், சாங்லி, சதாரா, சோலாப்பூர், பெலகாவி, தார்வாடு, பாகல்கோட், பிஜாப்பூர் ஆகிய 8 மாவட்டங்கள் இதில் அடங்கும். பதிவு உரிமையாளர்கள் இரு மாநிலங்களின் தோல் தொழில் வளர்ச்சிக் கழகங்கள். ஒன்று சந்த் ரோகிதாசர் பெயரையும் மற்றொன்று பாபு ஜெகஜீவன் ராம் பெயரையும் தாங்கியுள்ளன. பெயரில் சமூகம் இருக்கிறது. உரிமை அரசு நிறுவனத்திடம் இருக்கிறது.

1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீடுகள் சட்டம் காப்பது பெயரையும் இடத்தையும்தான். ‘கோலாப்பூரி’ என்று சொல்லாமல் அதே வடிவில் செருப்பு விற்பவரை இச்சட்டத்தால் தடுப்பது கடினம். 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமும் கைகொடுக்காது. அது புதிய வடிவங்களுக்கு மட்டுமே உரியது, அதுவும் அதிகபட்சம் 15 ஆண்டுகளுக்கு. பிரிவு 21இன்படி, மீறல் நேர்ந்தால் நிவாரணம் கோரும் உரிமை பதிவு உரிமையாளருக்கும் அங்கீகரிக்கப்பட்ட பயனருக்கும் உண்டு. பிராடாவுக்கு எதிராக வழக்கறிஞர்கள் தொடுத்த பொதுநல வழக்கை 2025 ஜூலையில் பம்பாய் உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்ததும் இந்த அடிப்படையில்தான்: வழக்காடவேண்டியவர் உரிமையாளர். சட்டப்படி அது பிழையன்று என்றே கருதுகிறோம். கைவினைஞரின் குறையைக் கைவினைஞர் இல்லாமலே வாதிடும் பழக்கத்தை நம் தொழிலினர் கைவிடுவது நல்லது.

மிலானைவிட அருகிலேயே இத்தொழிலுக்கு வேறொரு நெருக்கடி இருக்கிறது. 2015இல் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற மகாராட்டிரச் சட்டத் திருத்தம் காளை, எருதுகளை வெட்டுவதையும் குற்றமாக்கியது. கர்நாடகத்தின் 2020ஆம் ஆண்டுச் சட்டம் 13 வயதுக்குட்பட்ட எருமைகளையும் தடைக்குள் கொண்டுவந்தது. சட்டம் அனுமதிக்கும் தோலை வண்டியில் ஏற்றிச் செல்பவரும் பசுக் காவல் கும்பலுக்கு அஞ்சவேண்டியுள்ளது. பாரம்பரியம் என்று செருப்பைக் கொண்டாடும் அதே அரசியல், தோலைத் தீட்டாகவும் குற்றமாகவும் பார்க்கிறது.

இத்தொழில் ‘அழியாமல் காக்கப்படவேண்டும்’ என்று பிறர் சொல்வதை நாம் அப்படியே ஏற்பதற்கில்லை. செத்த மாட்டை அகற்றும் கட்டாயத்தை உதறச் சொன்னவர் அம்பேத்கர். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பிரிவு 3(1)(i), பட்டியல் சாதியினரை விலங்குச் சடலங்களைச் சுமக்கவோ அப்புறப்படுத்தவோ வைப்பதைக் குற்றமாக்குகிறது. இது நடைமுறைக்கு வந்தது 2016 ஜனவரியில். அதே ஆண்டு ஜூலையில், குஜராத்தின் ஊனாவில் இறந்த பசுவின் தோலை உரித்த தலித் இளைஞர்கள் கட்டிவைத்து அடிக்கப்பட்டனர். தொழிலை விட்டு வெளியேறும் உரிமையும், விரும்பிச் செய்பவருக்கு அச்சமற்ற பிழைப்பும் உரிய விலையும் பெறும் உரிமையும் சேர்ந்தே கோரப்படவேண்டியவை.

2025 டிசம்பரில் பிராடா நிறுவனம் அவ்விரு கழகங்களுடனும் ஒப்பந்தம் செய்துகொண்டது: இரு மாநிலங்களிலும் 2,000 ஜோடி தயாரிப்பு, ஜோடி ஏறத்தாழ 800 யூரோ விலை. அதில் தைப்பவருக்கும் பின்னும் பெண்ணுக்கும் எவ்வளவு? கழகங்கள் அரசு நிறுவனங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டம் அவற்றுக்குப் பொருந்தும். வணிக இரகசியம் என்று பிரிவு 8(1)(d)ஐக் காட்டி மறுக்கலாம். பொதுநலன் பெரிதெனில் வெளியிட அதே பிரிவு இடம்தருகிறது. கேட்கவேண்டிய இன்னொரு கேள்வி, இதுவரை அங்கீகரிக்கப்பட்ட பயனராகப் பதிவானோர் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்பது. பிரிவு 17இன்படி உற்பத்தியாளர் எவரும் அப்பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பங்களை நிரப்பித் தருவது சட்டக் கல்லூரி மாணவர்கள் இன்றே தொடங்கக்கூடிய பணி.