ஓர்க் படைகளின் பெயர்கள்

ஓர்க் படைகளின் பெயர்கள் என்பவை மிகுபுனைவு நாவல்களிலும் விளையாட்டுகளிலும் இடம்பெறும் ஓர்க் என்னும் கற்பனை இனத்தின் படைகள், குலங்கள், படைப்பிரிவுகளுக்கு இடப்படும் பெயர்கள். இப்பெயரிடும் முறையை ஆங்கில எழுத்தாளரும் மொழியியலாளருமான ஜே.ஆர்.ஆர். டோல்கீன் தொடங்கிவைத்தார். 1970கள் முதல் விளையாட்டு நிறுவனங்கள் அதை விரிவாக்கின.

சொல்லின் தோற்றம்

பழைய ஆங்கிலக் காவியமான பியோவுல்ஃபில் தீய உயிர்களின் வரிசையில் ‘ஓர்க்னெயாஸ்’ என்ற சொல் வருகிறது. டோல்கீன் பழைய ஆங்கிலத்தில் பேயைக் குறித்த ‘ஓர்க்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டார். 1937-ல் வெளிவந்த ‘தி ஹாபிட்’ நூலில் இவ்வினத்தைப் பெரும்பாலும் ‘காப்லின்’ என்றே குறிப்பிட்டார். 1954-55-ல் மூன்று பகுதிகளாக வெளிவந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நூலில் ஓர்க் என்ற பெயர் நிலைபெற்றது.

டோல்கீனின் முறை

டோல்கீன் முதலில் மொழியை உருவாக்கி, அதிலிருந்து பெயர்களைப் பெற்றார். கதையில் சௌரோன் தன் அடிமைகளுக்காக உருவாக்கிய கருமொழியில் ‘உருக்’ என்பது பெரிய உடலுடைய போர்வீர ஓர்க்கையும், ‘ஹை’ என்பது மக்களையும் குறிக்கும். ‘உருக்-ஹை’ இவ்விரண்டும் சேர்ந்த பெயர். ‘ஸ்னாகா’ என்றால் அடிமை. சிறிய ஓர்க்குகளை உருக்குகள் அப்படி அழைக்கின்றன. உக்லுக், க்ரிஷ்னாக், ஷக்ராட், கோர்பாக் போன்ற தனிப்பெயர்களில் வல்லின மெய்களும் குறுகிய உயிர்களும் மிகுந்துள்ளன. எல்ஃப் மொழிப் பெயர்களில் உள்ள ல, ர, ன ஒலிகளின் மென்மைக்கு இவை நேரெதிரானவை.

படைகளைப் பிரித்தறிய டோல்கீன் சின்னங்களைப் பயன்படுத்தினார். சாருமானின் படைக்கு வெள்ளைக் கை, மொர்டாரின் படைக்குச் சிவப்புக் கண். தன் பெயரை எழுதவோ உச்சரிக்கவோ சௌரோன் தன் ஆட்களை அனுமதிப்பதில்லை என்று கதையில் ஆரகார்ன் கூறுகிறான். ஆகவே அப்படை தலைவனின் பெயரைச் சொல்லாமல் அவன் கண்ணையே அடையாளமாகத் தாங்குகிறது. இன்னோரிடத்தில் ஓர் ஓர்க் வீரன் மற்றொருவனின் பெயரையும் எண்ணையும் மேலிடத்தில் கொடுத்துவிடுவதாக மிரட்டுகிறான். மொர்டாரின் வீரனுக்குப் பெயருடன் பதிவு எண்ணும் உண்டு என்பது இதனால் தெரிகிறது. 1916-ல் சோம் போர்முனையில் சமிக்ஞை அதிகாரியாகப் பணியாற்றிய டோல்கீன் நவீன ராணுவ நிர்வாகத்தை நேரில் அறிந்தவர்.

விளையாட்டுகளில்

1971-ல் வெளிவந்த ‘செயின்மெயில்’ என்னும் போர் விளையாட்டின் விதிநூல் டோல்கீனின் பெயர்களைக் கொண்டே ஓர்க்குகளைப் பல பிரிவுகளாக்கியது. அப்பிரிவுகள் ஒன்றையொன்று வெறுப்பவை என்பதும் விதியாயிற்று. அதன் தொடர்ச்சியாக 1974-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ வந்தது. இவ்விளையாட்டு உடைந்த எலும்பு, தீய கண் எனப் பொருள்படும் குலப்பெயர்களை ஆங்கிலத்தில் இட்டது. உடலுறுப்பு, ஆயுதம், காயம் ஆகியவற்றில் ஒன்றுடன் ஓர் அடைமொழியைச் சேர்க்கும் இம்முறைக்குத் தனி மொழி தேவைப்படவில்லை. எவரும் எளிதில் பின்பற்றக்கூடியதாக இருந்ததால் விரைவில் பரவியது.

இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனம் 1987-ல் வெளியிட்ட ‘வார்ஹாமர் 40,000’ விளையாட்டு நகைச்சுவையை நோக்கிச் சென்றது. ஓர்க்குகள் லண்டன் உழைக்கும் வர்க்கத்தின் கொச்சையில் பேசின. சில குலப்பெயர்களும் அதே கொச்சை எழுத்துக்கூட்டலில் அமைந்தன. ‘வாஆஆ’ என்ற போர்முழக்கமே படையெடுப்புக்கும் பெயரானது.

1994-ல் ப்ளிஸார்ட் நிறுவனத்தின் ‘வார்க்ராஃப்ட்’ கணினி விளையாட்டு வெளிவந்தது. இத்தொடரில் ஓர்க்குகளின் கூட்டுப்படைக்கு ‘ஹோர்ட்’ என்று பெயர். கரும்பாறை, உறைபனி ஓநாய் என்ற பொருளுடைய குலங்கள் அதில் உண்டு. 2002-ல் வந்த மூன்றாம் பகுதியில் ஓர்க்குகளின் தலைவன் பெயர் த்ரால். ஆங்கிலத்தில் இதன் பொருள் அடிமை. மனிதர்கள் அவனை அடிமையாக வளர்த்து இட்ட பெயர் அது. விடுதலைக்குப் பின்னும் அவன் அதை மாற்றிக்கொள்ளவில்லை. டோல்கீனிடம் வசைச்சொல்லாக இருந்த ‘அடிமை’ இங்கே தலைவனின் பெயராகிறது.

விவாதங்கள்

‘ஹோர்ட்’ என்ற ஆங்கிலச் சொல் படை, பாசறை எனப் பொருள்படும் ‘ஓர்து’ என்ற துருக்கியச் சொல்லிலிருந்து வந்தது. உருது மொழியின் பெயருக்கும் அதுவே வேர். சொந்த மொழியில் ஒழுங்கான ராணுவ அமைப்பைக் குறித்த சொல், அப்படையால் தாக்கப்பட்ட ஐரோப்பாவில் ஒழுங்கற்ற கும்பலைக் குறிக்கும் சொல்லானது. ஓர்க் படைக்கு அச்சொல்லை வைக்கும்போது அந்தப் பழைய அச்சமும் சேர்ந்தே வருகிறது.

டோல்கீன் 1958-ல் எழுதிய ஒரு கடிதத்தில், ஐரோப்பியர் கண்ணுக்கு அழகற்றதாகத் தோன்றும் மங்கோலியச் சாயலின் சீர்குலைந்த வடிவமாக ஓர்க்குகளின் தோற்றத்தை விவரித்தார். இக்கடிதம் இன்றுவரை விமர்சிக்கப்படுகிறது. அதேசமயம் இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மகனுக்கு எழுதியபோது, மெய்யான வாழ்வில் ஓர்க்குகள் இரு தரப்பிலும் உண்டு என்றும் அவர் குறிப்பிட்டிருக்கிறார். ஓர்க்குகளைச் சித்தரித்த விதம் உண்மையான இனக்குழுக்கள் இழிவுபடுத்தப்பட்ட விதத்தை நினைவூட்டுவதாக 2020-ல் ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ விளையாட்டை வெளியிடும் நிறுவனமே ஒப்புக்கொண்டது.

மதிப்பீடு

ஓர்க் படைகளின் பெயர்கள் இரு வகைப்படும். எதிரிகள் இடும் பெயர் அச்சத்தையோ அருவருப்பையோ சொல்கிறது. அது கொல்வதை எளிதாக்குகிறது. படை தனக்கே இட்டுக்கொள்ளும் பெயர் பெருமையையும் உறவையும் சொல்கிறது. டோல்கீனின் கதையில் உக்லுக் தன் வீரர்களைப் போரிடும் உருக்-ஹை என்று பெருமையுடன் அறிவிக்கும் இடம் இரண்டாம் வகைக்கு முன்னோடி. அங்கே ஓர்க்குகள் தங்களுக்கென ஒரு பெயரும் அதில் ஒரு கௌரவமும் உள்ள மக்களாகத் தெரிகிறார்கள். த்ராலின் கதையும் பின்வந்த பல ஆக்கங்களும் ஓர்க்குகளை மையப் பாத்திரங்களாக்க வழிசெய்தது இவ்வகைப் பெயரிடலே.